சீருடை களைந்த பின் ஒரு காவல் அதிகாரி

காவல்துறை அதிகாரிகளின் வாழ்க்கை வரலாறு நம் சமூகத்தில் அதிகம் வாசிக்கப்படுவதில்லை. அதற்கான காரணங்களை நாம் அறிவோம். எனினும் குஸ்ரோ ஃபராமுர்ஸ் ருஸ்தம்ஜி என்ற பெயரை நாம் மறந்துவிடக் கூடாது. ஹுஸைனாரா காத்தூன் என்ற பெண்ணின் பெயரால் இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் வழக்கு, ஓய்வுபெற்ற இந்த அதிகாரியின் எழுத்திலிருந்து பிறந்தது.

ருஸ்தம்ஜி 1916 ஆம் ஆண்டு நாக்பூருக்கு அருகிலுள்ள காம்ப்டீயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். 1938 இல் போலீஸ் பணியில் சேர்ந்தார். 1952 முதல் ஆறு ஆண்டுகள் பிரதமர் நேருவின் பாதுகாப்புப் பொறுப்பு அவரிடம் இருந்தது. பின்னர் மத்தியப் பிரதேசக் காவல்துறையின் தலைவரானார். சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்களை ஒடுக்கியது அக்காலத்தில்தான். கிராமத்தாரின் மூக்கை அறுத்துக் கொடுமை செய்த கப்பர் சிங் 1959 இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது அங்குத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் இவரே. (ஷோலே படம் எடுத்துக்கொண்டது அந்தப் பெயரைத்தான்.) 1965 டிசம்பரில் எல்லைப் பாதுகாப்புப் படை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகி, 1974 வரை அப்படையைக் கட்டியெழுப்பினார். 1976 இல் ஓய்வு பெற்றார்.

இத்தகைய பணிவாழ்வு கொண்டவர்கள் ஓய்வுக்குப் பின் நினைவுக் குறிப்புகள் எழுதி, விழாக்களில் மாலை ஏற்று வாழ்வது வழக்கம். ருஸ்தம்ஜி அவ்வாறு அமையவில்லை. 1977 இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையத்தில் உறுப்பினரான அவர், பீகாரின் சிறைகளுக்குள் சென்று பார்த்தார்.

அங்கு அவர் கண்டவர்கள் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக் கைதிகள். நிரூபிக்கப்பட்டாலும் சில மாதங்களோ, ஓரிரு ஆண்டுகளோ மட்டுமே தண்டனை கிடைக்கக்கூடிய சிறு குற்றச்சாட்டுகளுக்காக மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை அடைபட்டுக் கிடந்தவர்கள். அவர்களுக்கு வழக்கறிஞரும் இல்லை, பிணைத்தொகை கட்டப் பணமும் இல்லை. குற்றமே சாட்டப்படாமல், 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் சிறையில் வைக்கப்பட்ட பெண்களும் இருந்தனர். அவர்களுள் சிலர் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள், சிலர் சாட்சிகள். சாட்சி சொல்ல வேண்டியவளைச் சிறையில் பூட்டி வைத்த நிர்வாகத்தை என்னவென்று சொல்வது!

ருஸ்தம்ஜி கண்டதை எழுதினார். கைதிகளின் பெயர்களையும் அவர்கள் சிறையில் கழித்த காலத்தையும் குறிப்பிட்ட அச்செய்தி 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் வெளியானது. அதை வாசித்த வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அவருக்கும் அக்கைதிகளுக்கும் எந்த உறவும் இல்லை. அவர்கள் அவரை அமர்த்தவும் இல்லை. அந்நாளைய வழக்கப்படி இத்தகைய மனுவைக் கைதியோ அவருடைய உறவினரோதான் கொண்டுவர வேண்டும். ஆயினும் நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு அதை ஏற்றது. நாட்டில் பொதுநல வழக்கு என்ற வழிமுறைக்கு இதுவே தொடக்கம் என்று சட்ட அறிஞர் பலர் கூறுவர்.

விரைவான விசாரணை, அரசியல் சட்டத்தின் 21 ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்றது. சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிகக் காலம் சிறையிலிருந்தோர் விடுவிக்கப்பட்டனர். இவ்வழக்கின் விளைவாக நாடெங்கும் ஏறத்தாழ 40,000 விசாரணைக் கைதிகள் வெளிவந்ததாகச் சொல்லப்படுகிறது.

கொள்ளையரை வேட்டையாடிய அதே மனிதர்தான் கேட்பாரற்ற கைதிகளுக்காகவும் எழுதினார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என நாம் கருதவில்லை. குற்றவாளி யார், குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்ற வேறுபாட்டை, காவல்துறையில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் மற்றவர்களைவிடத் தெளிவாக அறிந்திருப்பார். அறிந்தவர்களில் பலர் பேசுவதில்லை என்பதே குறை.

1991 இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. 2003 இல் அவர் காலமானார். அவர் தொட்ட பிரச்சினை இன்னும் முடியவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுள் முஸ்லிம்களின் விகிதம் மக்கள்தொகையில் நமக்குள்ள விகிதத்தைவிட அதிகம்.

இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479 ஆம் பிரிவின்படி, அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதி பிணை கோரலாம். இதற்கு முன் எந்தக் குற்றத்திற்காகவும் தண்டிக்கப்படாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் பொறுப்பு. அவர் எழுதினாரா என்று விசாரித்து அறிய ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒருவராவது முன்வர வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இதற்குக் கட்டணமின்றி உதவி கிடைக்கும்.