மறைதலும் மறைத்தலும்: ஒரு வினாவின் தமிழ் வரலாறு

கடவுள் உண்டெனில் அவர் ஏன் தெளிவாகத் தம்மைக் காட்டுவதில்லை என்னும் வினாவை மேலைநாட்டாரின் அண்மைக்கால வினாவாகக் கருதுவோர் உளர். கனடிய மெய்யியலாளர் ஜே. எல். ஷெல்லன்பர்க் 1993இல் இதற்கெனத் தனிநூல் ஒன்றை எழுதினார் என்பது உண்மையே. அன்பே வடிவான கடவுள் இருப்பின், மனத்தடையின்றி இருப்போர் எவரும் அவரை அறியாது போகார். அத்தகையோர் அறியாதிருப்பதே அவர் இல்லை என்பதற்குச் சான்று என்பது அவர் வாதம். ஆயினும் இவ்வினாவுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாறு நம் பேரா மாநிலத்தையும் தொட்டுச் செல்கிறது.

மணிமேகலையின் 27ஆம் காதையில், கண்கூடு ஒன்றையே அளவையாக ஏற்கும் பூதவாதி பேசுகிறான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு மாற்றுக் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கிறார். அவற்றுள் முதலில் நிற்பது கடவுளை ஏற்காத உலகாயதம். மறுப்பவனுக்கு முதலிடம் தந்து வாதிடுவதே அந்நூலின் முறை.

சைவ சித்தாந்தம் இவ்வினாவுக்குத் தந்த விடை ஒரு வினைச்சொல்லில் அடங்கியுள்ளது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பன இறைவனின் ஐந்தொழில்கள். நான்காவதன் பெயர் ‘மறைதல்’ அன்று, ‘மறைத்தல்’. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒருவர் ஒளிந்துகொள்வது வேறு, ஒன்றை மற்றொருவர் காணாதபடி செய்வது வேறு. உயிர் உலக நுகர்வில் ஈடுபட்டுப் பக்குவம் எய்தும்வரை மெய்ந்நிலை அதற்குப் புலப்படாதபடி செய்வதும் அருளே என்பர் சித்தாந்திகள். உமாபதி சிவம் திருவருட்பயனில் இன்னும் நுட்பமாகச் செல்கிறார். புறவிருள் பொருள்களை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். ஆணவ இருளோ தன்னையும் காட்டாது. ஆகவே தான் குருடன் என்பதையே உயிர் அறியாது.

இவ்விடை மலாயாத் தோட்டங்களில் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. பால்மரம் வெட்டிய மக்களுக்குக் கடவுள் மறைபொருளாக இருக்கவில்லை. லயங்களை அடுத்த மாரியம்மன் கோயிலிலும் முனியாண்டி மேடையிலும் சாமி இறங்கியது, குறி சொன்னது. ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று காவடி எடுத்தோர், நிறைவேறிய வேண்டுதலையே சான்றாகக் கொண்டனர். இந்நிலையில், 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கத்தின் குரல் இங்கும் எட்டியது. 1929 டிசம்பரில் ஈப்போவில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் கூட்டிய மாநாட்டைப் பெரியார் ஈ.வெ.ரா. தொடங்கி வைத்தார். சாதியையும் சடங்கையும் கடவுளையும் அறிவின்முன் நிறுத்திய இயக்கம் அது. கங்காணிக்கும் துரைக்கும் அடங்கி வாழ்ந்தவரிடம் ‘பக்குவம் வரும்வரை பொறு’ என்பது யாருக்கு நன்மை தரும் என்ற ஐயம் அதன்பின் எளிதில் அடங்கவில்லை.

இருதரப்பையும் நாம் எவ்வாறு எடைபோடுவது? பழைய அளவை நூல்களில் ‘அபாவம்’ என்றொரு அளவை உண்டு. மேசைமேல் குடம் இல்லை என்பதைக் காணாமையாலேயே அறிகிறோம். இருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்பதே காரணம். இருந்தாலும் தெரியாத பொருளுக்கு இவ்வளவை செல்லாது. எனவே கடவுள் குடத்தைப் போன்றவரா என்பதே வழக்கின் மையம். அன்புடையவர் தம்மைக் காட்டியே தீர்வார் எனின் ஷெல்லன்பர்க்கின் வாதம் வலுப்பெறும். அன்பே சிலகாலம் மறைக்கும் எனின் அது தளரும். அதேவேளை, மறைத்தற்கொள்கை சான்று இன்மைக்கு விளக்கம் தருகிறதேயன்றித் தானே சான்றாகிவிடாது. ஒரு சொல்லும் சான்றாகாது. ‘முயற்கொம்பு’ என்ற சொல் நம்மிடம் உண்டு, அப்பொருள்தான் இல்லை. சான்றாக நிற்கவேண்டிய வேதத்தையே தமிழர் ‘மறை’ என்றழைத்ததும் நினைக்கத்தக்கது.

வகுப்பறையில் ஒரு மாணவர் இவ்வினாவை எழுப்பினால், ‘அப்படிக் கேட்கக்கூடாது’ என்று அடக்குவதே எளிய வழி. அருணந்தியும் அவ்வாறு அடக்கவில்லை, பெரியாரும் அடக்கவில்லை. வினாவைக் கூர்மையாகக் கேட்கவும் விடையை அளவையால் சோதிக்கவும் வேண்டிய சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன. அவற்றை மாணவர் கையில் கொடுப்பது நம் கடன். முடிவை எட்டுவது அவர்தம் உரிமை.