மட்டக்களப்பு வாவிப் பிரதேசப் பாடசாலைகளில் வகுப்பறைத் தொழினுட்பம்

இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 56 கி.மீ. நீளத்துக்கு நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள பாடசாலைகளுக்குக் கற்பித்தல் கருவிகள் வந்து சேர்ந்த வரலாற்றையும், அவற்றுக்கான திட்டமிடலையும், பணம் பிறந்த வழிகளையும் இக்கட்டுரை கூறுகிறது. கரும்பலகை, விஞ்ஞான ஆய்வுகூடம், கணினிக் கூடம், திறன் வகுப்பறை ஆகிய யாவும் இதில் அடங்கும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. இருநூறு ஆண்டுகளாக எந்தக் கருவியும் முதலில் எழுவான்கரையில், அதுவும் நகரின் மையமான புளியந்தீவில்தான் இறங்கியது. படுவான்கரைப் பிள்ளைகள் அதற்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

மிஷன் காலம்

ஐரோப்பியர் வருகைக்கு முன்பு இப்பிரதேசத்தில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதிப் பழகி, பின் ஓலையும் எழுத்தாணியும் பிடிப்பது வழக்கம். செலவு ஆசிரியருக்குக் கொடுக்கும் நெல்லோடும் தட்சணையோடும் முடிந்துவிடும். ஒல்லாந்தரின் திருச்சபைப் பள்ளிகள் ஞானஸ்நானப் பதிவையும் வினாவிடை மனனத்தையும் தாண்டி அதிகம் போகவில்லை. ஆகவே இங்கு நவீன வகுப்பறையின் தொடக்கத்தை 1814 என்று கொள்வதே பொருந்தும்.

கலாநிதி தொமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிமார், அவர் நடுக்கடலில் இறந்துபோன பின்பும் பயணத்தைத் தொடர்ந்து 1814 ஜூன் 29 இல் காலியில் கரையிறங்கினர். அவர்களுள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய பாடசாலையே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. காய்ச்சலும் களைப்பும் மிகுந்த அந்த நாட்களில் அவர் ஓராண்டுகூட வாழவில்லை. 1815 ஏப்ரலில் காலமானார். அந்தச் சில மாதங்களுக்குள் சுற்றுப்புறங்களிலும் பள்ளிகளை நிறுவிவிட்டார். மட்டக்களப்பு நகரில் அவருக்குச் சிலை எழுப்பியிருப்பது தகும். வின்சன்ட் மகளிர் பாடசாலையின் தொடக்கம் 1820 ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

நிதி வரலாற்றிலும் 1814 முக்கியமானது. ஆங்கிலம் கற்பிக்க முன்வரும் மிஷனரிமாருக்கு அரசின் மாதாந்தக் கொடுப்பனவு தருவதாக ஆளுநர் ரொபர்ட் பிரவுண்றிக் அறிவித்தார். ஆசிரியருக்கான பணத்தில் ஒரு பங்கு அரசிடமிருந்தும், மற்றவை சபையிடமிருந்தும் ஊராரிடமிருந்தும் வருவது என்ற ஏற்பாடு அன்று தொடங்கியது. பெயர்கள் மாறினாலும் பல கைகளிலிருந்து பாடசாலைக்குப் பணம் சேரும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின் உதவி நன்கொடை முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. மாணவர் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பெற்ற தேர்ச்சியை அளந்து பள்ளிக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் வந்தது. புள்ளி ஈட்டித் தராத உலகப் படத்துக்கும் பூகோள உருண்டைக்கும் விஞ்ஞானக் கருவிக்கும் முகாமையாளர் தம் சபையின் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. வசதியான சபை நடத்திய பாடசாலைக்கு ஆய்வுகூடம் கிடைத்தது. ஊர்ப் பள்ளிக்குக் கரும்பலகையோடு முடிந்தது. கருவியில் உள்ள ஏற்றத்தாழ்வு இந்த விதியில் வேரூன்றியது.

1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, யேசு சபையினரின் கைக்கு வந்தபின் விஞ்ஞானத்தில் தனித்து நின்றது. முதலில் பிரெஞ்சுக் குருமார், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தினர் எனப் பலர் இங்கு கற்பித்தார்கள். கல்லடிப் பாலத்தடியில் நிலாக்கால இரவுகளில் கேட்கும் 'பாடும் மீன்' ஒலியை 1950களில் நீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு செய்தவர் இக்கல்லூரியின் அருட்தந்தை லாங். அந்த ஒலி பின்னர் இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. ஒரு பாடசாலை தன் கருவியைத் தன் ஊரின் இயற்கைமீது திருப்பிய அரிய சந்தர்ப்பம் இது.

விபுலாநந்தரும் சிவானந்தாவும்

வாவிப் பிரதேசத்தில் தொழினுட்பக் கல்வியைப் பற்றி யோசித்துச் செயற்பட்டவர்களுள் முதலிடம் சுவாமி விபுலாநந்தருக்கு உரியது. 1892 இல் காரைதீவில் மயில்வாகனன் என்ற பெயரில் பிறந்த இவர், கல்முனையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் 1916 இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். பின் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். தமிழ்ப் பேராசிரியர் என்றும் 'யாழ் நூல்' ஆசிரியர் என்றும் அவரை அறிந்தவர்கள் பலர். அவருடைய அடிப்படைப் பயிற்சி விஞ்ஞானமே என்பது போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை.

இராமகிருஷ்ண மிஷனில் துறவு பூண்டு திரும்பிய அவர், 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். புளியந்தீவையும் கல்லடியையும் இணைத்த லேடி மானிங் பாலம் (கல்லடிப் பாலம்) 1920களில் கட்டப்பட்டதால் கல்லடிக் கரையிலும் ஒரு பெரிய பாடசாலை சாத்தியமாயிற்று. மிஷனின் பெயரும், ஊர்ச் செல்வந்தர் தந்த நன்கொடையும், சுவாமிகளின் சொந்த உழைப்பும் சேர்ந்து எழுந்த பாடசாலை அது. இலண்டனிலிருந்தோ பரிசிலிருந்தோ பணம் எதிர்பார்க்க முடியாத நிலையில், உள்ளூர்ப் பணத்தைக் கொண்டே தரமான பாடசாலையை எழுப்பலாம் என்பதை இது காட்டியது.

அவருடைய இன்னொரு பணி கருவியைவிடப் பெறுமதியானது. 1930களின் நடுப்பகுதியில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்கு அவர் தலைமை தாங்கினார். பௌதிகம், இரசாயனம், கணிதம் முதலிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்கள் தொகுக்கப்பட்டன. வகுப்பறைக்குள் எத்தனை கருவி வந்தாலும், அதை மாணவன் தன் மொழியில் புரிந்துகொள்ளாவிடின் பயன் குறைவு. இலங்கையில் விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பித்தவர்களுக்கு இச்சொற்றொகை பெருந்துணையாக இருந்தது. இன்று தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தைத் தமிழில் எழுதும் ஒவ்வொரு மாணவரும் அப்பணியின் பயனாளி.

அரசு பொறுப்பேற்ற பின்

கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. அவரது மத்திய கல்லூரித் திட்டத்தின் கீழ் வந்தாறுமூலையில் எழுந்த கல்லூரி, கிராமத்துப் பிள்ளைக்கு ஆய்வுகூடமும் விடுதியும் தந்தது. அதன் வளாகத்தில்தான் 1981 ஓகஸ்ட் 1 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசுடைமையாயின. பிள்ளைகள் பள்ளிக்கு வருவதற்கு இருந்த தடைகளை இலவசக் கல்வியும் இந்தச் சட்டங்களும் நீக்கின. அது மறுக்க முடியாத நன்மை. ஆனால் கருவி உடைந்தால் யாரிடம் போவது என்பதற்கு முன்பு இருந்த விடை போய்விட்டது. முகாமையாளரின் இடத்தில் திணைக்களத்துக் கோப்பு வந்தது.

1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியில் சுமார் 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமடைந்தன. பின் வந்த போர்க்காலத்தில் பல பாடசாலைகள் அகதி முகாம்களாகவும் படை முகாம்களாகவும் ஆயின. யேசு சபையினர் மட்டக்களப்பில் நடத்திய தொழினுட்பப் பயிற்சி நிறுவனத்துக்குப் பொறுப்பாயிருந்த அருட்தந்தை யூஜின் ஹீபேர்ட் 1990 ஓகஸ்ட் 15 இல் காணாமற்போனார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி, டச்பார் கரையோரத்தைச் சூறையாடியது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுவதற்கு அப்போது தடை இருந்ததால், பாடசாலைகளுக்கு முதலில் இடம் தேட வேண்டியிருந்தது. கருவி பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் எழுந்தது.

கணினி வந்த வழி

இலங்கைப் பாடசாலைகளுக்குக் கணினி பரவலாக வந்தது வெளிநாட்டுக் கடனால். ஆசிய அபிவிருத்தி வங்கியின் இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கல் திட்டம் 2000 ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கி, கணினி கற்றல் நிலையங்களை அமைத்தது. உயர்தர மாணவருக்குப் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சையும், சாதாரண தரத்தில் தனிப் பாடமும் தொடர்ந்து வந்தன. போர் கிழக்கில் 2007 இல் ஓய்ந்த பின், அரசின் 'கிழக்கின் உதயம்' அபிவிருத்தித் திட்டத்தோடு வீதியும் மின்சாரமும் உட்புற ஊர்களை எட்டின.

அடுத்த அலை 1000 இடைநிலைப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம். கணினி, மொழி, கணிதம், தொலைக்கல்வி ஆகியவற்றுக்கான பகுதிகள் ஒரே கூரையின் கீழ் அமைந்த மகிந்தோதய ஆய்வுகூடங்கள் இதில் கட்டப்பட்டன. உலக வங்கி 10 கோடி டொலரும், ஆசிய அபிவிருத்தி வங்கி 20 கோடி டொலரும் அக்காலக் கல்விச் சீரமைப்புகளுக்குக் கடனாகத் தந்தன. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கியபோது இந்தக் கட்டடங்கள் கைகொடுத்தன. தெரிவு செய்யப்பட்ட பாடசாலைக்கு எல்லாமும், பக்கத்துப் பாடசாலைக்கு எதுவுமில்லை என்ற நிலையும் கூடவே வந்தது.

நிதியும் திட்டமும்

அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின் பின் பாடசாலைகள் இரு வகையாகின: கல்வியமைச்சின் நேரடிப் பொறுப்பிலுள்ள தேசிய பாடசாலைகள், மாகாண சபைக்குரியவை. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என 5 கல்வி வலயங்கள் உள்ளன. ஒவ்வொரு பாடசாலையும் அபிவிருத்தித் திட்டம் எழுதி வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுக்க வேண்டும்.

கையில் கிடைக்கும் பணம் பல கிளைகளில் வருகிறது. 2000 முதல் வழங்கப்படும் தர உள்ளீட்டு நிதி, வசதி குறைந்த பாடசாலைக்குக் கூடுதல் எடை தரும் சூத்திரத்தில் கணக்கிடப்படுகிறது. தொகை சிறியதாயினும் நியாயத்தில் இதற்கு இணை இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சந்தா, நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, தொண்டு நிறுவன உதவி ஆகியன மற்றவை. இவற்றோடு சேர்ந்து வருவது இலண்டன், ரொறன்ரோ, சிட்னி ஆகிய இடங்களிலுள்ள பழைய மாணவர் சங்கங்களின் பணம். அது விரைவாக வருகிறது, கேள்வி குறைவு. ஆனால் பெரிய பழைய மாணவர் கூட்டம் பழம்பெரும் பாடசாலைக்கே உண்டு. மிஷன் காலத்து இடைவெளி இவ்வழியாக மீண்டும் அகலுகிறது.

எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் பணம் பெரும்பாலும் கொள்வனவுக்கே வருகிறது, பராமரிப்புக்கு அரிதாகவே வருகிறது. ஒளியெறிகருவியின் மின்விளக்கு, யு.பி.எஸ். பற்றரி, இணையக் கட்டணம், மின்பட்டியல் ஆகியவற்றை அதிபர்தான் சமாளிக்க வேண்டும். கடலும் வாவியும் சூழ்ந்த இடத்தில் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். மாரி வெள்ளம் தாழ்ந்த அறைக்குள் புகும். இடியுடன் கூடிய மழை மின்சுற்றைச் சுடும். ஆகவே இங்கு எழுதப்படும் திட்டத்தில் கருவியின் விலையோடு நில மட்டம், நிலத்தொடுப்பு, வயரிங், ஆண்டுப் பராமரிப்பு, ஆசிரியர் பயிற்சி ஆகியவை தனித்தனி வரிகளாக நிற்க வேண்டும்.

படுவான்கரை

வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் ஆசிரியரே தோணியிலும் 'பாதை' எனப்படும் மிதவையிலும் வாவியைக் கடந்து வந்தார்கள். மண்முனைப் பாலம் ஜப்பான் உதவியில் 2014 இல் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பயணம் எளிதாயிற்று. ஆனாலும் தகவல் தொழினுட்ப ஆசிரியர் இடமாற்றம் பெற்று எழுவான்கரைக்குத் திரும்பினால் கணினி அறை பூட்டப்படுகிறது. இங்கு முதலில் தேவைப்படுவது தங்கும் விடுதியும் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் பெறும் ஓர் ஆசிரியர். பெரிய திரை அதற்குப் பின்.

அண்மைய நிலை

2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நேத்ரா தொலைக்காட்சியின் 'குருகுலம்' நிகழ்ச்சியும் வட்ஸ்அப் குழுக்களும் வகுப்பறையாயின. 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியதால், முன்னர் மதிப்பிட்ட தொகைக்குப் பாதிக் கருவியே வாங்க முடிந்தது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்தபின் தேர்தல் நடைபெறாததால் மாகாணக் கல்வி ஆளுநரின் நிர்வாகத்தில் உள்ளது. திறன் பலகை பொருத்திய வகுப்பறைகள் நகரப் பாடசாலைகளில் பெருகி வருகின்றன. புதிய நிதி வழி ஒன்றும் திறக்கக்கூடும்: 2025 ஏப்ரலில் கிழக்கு மாகாணத்துக்கான பல்துறை நன்கொடை உடன்படிக்கையில் இந்தியா கைச்சாத்திட்டது.