வெப்பத்தின் பாதையில் வளைவின் கணிதம்

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களில் மரங்கள் தாமாக வளர்ந்து காடானவை அல்ல, அளந்து நடப்பட்டவை. சிரம்பான், ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் நிரைபிடித்துப் பால்மரம் சீவிய தமிழர் ஒவ்வொருவரும் அவ்வளவை அறிந்திருந்தனர். சமநிலத்தில் ரப்பர் மரத்திற்கு நிரையில் முன்னொன்றும் பின்னொன்றும், அடுத்த நிரைகளில் வலமொன்றும் இடமொன்றுமாக நான்கு அயல் மரங்கள் உண்டு. நிரைக்குள் நெருக்கம் மிகுதி; நிரைகளுக்கிடையே அகலம் மிகுதி. ரப்பர் அழிக்கப்பட்டு செம்பனை வந்த இடங்களில் நடவுமுறையும் மாறியது. ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில், முக்கோண அமைப்பில் நடப்படும் செம்பனைக்கு அயலில் நிற்பவை ஆறு. இவ்விரு நடவுமுறைகளும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்து இன்றும் வளர்ந்துவரும் ஒரு கணிதத் துறையை விளக்கக் கண்முன் நிற்கும் படங்களாகும்.

அத்துறையின் அடிப்படைப் பொருள் கோட்டுரு. புள்ளிக்கோலத்தில் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் இழைகளும் இருப்பதுபோல, கோட்டுருவிலும் புள்ளிகளும் இணைப்புகளும் உள்ளன. ஒவ்வோர் இணைப்பிற்கும் ஓர் எடையளித்தால் அஃது எடையிட்ட கோட்டுரு. நெருங்கி நிற்கும் இரு மரங்களின் இணைப்பிற்கு மிகுந்த எடையும், விலகி நிற்பவற்றின் இணைப்பிற்குக் குறைந்த எடையும் தரலாம். வேலியே இல்லாமல் எத்திசையிலும் முடிவின்றி நீளும் தோட்டத்தை மனத்தால் எண்ணினால், அதுவே முடிவிலாக் கோட்டுரு. அதன் ஒரு புள்ளியில் ஓரலகு வெப்பத்தை வைத்து, அஃது எடைக்கேற்ப அயல் புள்ளிகளுக்குப் பரவுவதாகக் கொள்வோமாயின், ஒரு வினா எழுகிறது. நெடுங்காலத்திற்குப் பின் அவ்வெப்பம் எங்கே, எவ்வளவு இருக்கும்?

இவ்வினாவின் வேர் பழமையானது. பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1807இல் வெப்பம் பற்றிய ஆய்வுரையைப் பாரிசு அறிஞர் கழகத்திற்கு அளித்தார். 1822இல் அது விரிந்து நூலாயிற்று. வெப்பம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பாய்கிறது. ஓரிடத்தின் வெப்பநிலை அதன் சுற்றுப்புறச் சராசரியை நோக்கி மாறுகிறது. இவ்வெளிய உண்மையே அவருடைய சமன்பாட்டின் உயிர். ஆனால், பாயும் பரப்பின் வடிவத்தை வெப்பம் காட்டிக்கொடுக்கும் என்பது பின்னரே வெளிப்பட்டது. அவ்வெளிப்பாட்டில் தென்னிந்திய மண்ணின் பங்கு பெரிது.

1913இல் திருச்சூரில் பிறந்து சென்னையில் பயின்றவர் சுப்பராமையா மீனாட்சிசுந்தரம். 1937இல் இந்தியா வந்த பிரெஞ்சுத் துறவியும் கணிதப் பேராசிரியருமான சார்லஸ் ரசீனின் தொடர்பு அவருடைய நாட்டத்தைப் புதிய கணிதத்தின்பால் திருப்பியது. பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் தங்கி ஆராய்ந்த அவர், சுவீடன் நாட்டு ஓகே பிளீயலுடன் இணைந்து 1949இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வளைந்த ஒரு வெளியில் மிகக் குறுகிய நேரத்தில் வெப்பம் பரவும் முறையை ஒரு தொடராக விரித்தால், அதன் முதல் உறுப்பிலேயே அவ்வெளியின் கனஅளவு பொதிந்திருக்கக் காணலாம். அடுத்து வரும் உறுப்பில் வளைவு மறைந்திருப்பதைப் பின்வந்தோர் தெளிவுறுத்தினர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மீனாட்சிசுந்தரம் 1968இல் மறைந்தார். ஐம்பத்தைந்து வயதும் நிரம்பாத அவ்வாழ்வு விட்டுச்சென்ற தொடர், அவர் பெயரையும் பிளீயல் பெயரையும் தாங்கி இன்றும் வழங்குகிறது.

மற்றொருவர் 1940இல் சென்னையில் பிறந்த சீனிவாச வரதன். அவருடைய தந்தையார் அறிவியல் ஆசிரியர். பொன்னேரி உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் பயின்ற வரதன் 1963இல் நியூயார்க் சென்றார். 1967இல் அவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. ஓரிடத்தில் வைத்த வெப்பத்தில் கணநேரத்திற்குள் மற்றோரிடத்தை எட்டுவது நுண்ணிய அளவே. அந்நுண்ணளவின் மடக்கையை எடுத்து நேரத்தால் பெருக்கினால், இரண்டிடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தின் வர்க்கம், ஒரு மாறிலியும் குறைக்குறியும் சேர்ந்து வெளிப்படுகிறது. அளவுகோல் இன்றி வெப்பத்தாலேயே தூரத்தை அளக்கலாம் என்பது இதன் கருத்து. 2007இல் வரதனுக்கு ஏபெல் பரிசு வழங்கப்பட்டது. நிகழ்தகவியலில் அவர் ஆற்றிய பெரும்பணிக்காகவே அது கிடைத்தது.

இதற்கிடையில் கணிதம் மற்றொரு வழியிலும் நடந்தது. 1985இல் பாக்ரியும் எமெரியும், பரப்பைக் கண்ணால் காணாமலே, வெப்பப் பாய்வின் விதியிலிருந்து வளைவை வரையறுக்கும் சமனிலி ஒன்றை அமைத்தனர். 1986இல் பீட்டர் லீயும் யாவ்வும், குறை வளைவு இல்லாத வெளியில் வெப்பநிலை இடத்திற்கு இடம் எவ்வளவு விரைவாக மாறலாம் என்பதற்கு எல்லை வகுத்தனர். அவ்வெல்லை தெரிந்தால், இன்று ஓரிடத்திலுள்ள வெப்பத்தைக் கொண்டு நாளை மற்றோரிடத்தில் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று உறுதி கூறலாம்.

கோட்டுருவில் இவை அப்படியே செல்லுபடியாகவில்லை. மரத்திற்கும் மரத்திற்கும் நடுவே வெப்பம் தங்குவதற்கு இடமில்லை. அது தாவித்தான் செல்ல வேண்டும். ஆகவே வரதன் கண்ட தூரவர்க்கம் அங்குத் தோன்றுவதில்லை. குறுகிய நேரத்தில் செல்லும் வெப்பம், இடைப்பட்ட தாவல்கள் எத்தனையோ அத்தனையாம் அடுக்கில் நேரத்தைப் பின்பற்றுகிறது. தொடர்ந்த பரப்பில் பயன்பட்ட வகைநுண்கணித விதிகளும் தாவலில் முறிந்துபோகின்றன. இத்தடையைக் கடக்க வளைவுச் சமனிலியையே சற்றுத் திருத்தியமைத்து, லீ–யாவ் முடிவைக் கோட்டுருக்களுக்குக் கொண்டுவந்த ஆய்வு, யாவ் உள்ளிட்ட அறுவரால் 2015இல் வெளியாயிற்று.

இச்சமனிலியின் சிறப்பு அதன் அண்மைத்தன்மை. ஒரு மரத்தைச் சுற்றி அயல் மரங்களையும், அவற்றின் அயல் மரங்களையும் பார்த்தாலே போதும். இரண்டு தாவலுக்குள் சோதனை முடிந்துவிடும். அச்சோதனை ஒவ்வொரு மரத்திலும் நிறைவேறுமாயின், முடிவிலாத் தோட்டம் முழுவதற்கும் தீர்ப்பு கிடைக்கிறது. ரப்பரின் சதுர அமைப்பும் செம்பனையின் முக்கோண அமைப்பும் குறை வளைவு இல்லாதவை. அவற்றில் நேரம் நான்கு மடங்கானால், தொடங்கிய புள்ளியில் எஞ்சும் வெப்பம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும். ஒற்றை நிரையில் அது பாதியாகவே குறையும். ஒவ்வொரு புள்ளியும் ஓயாது கிளைத்துச் செல்லும் அமைப்பிலோ வளைவு குறையானது. அங்கு வெப்பம் இவற்றினும் மிக விரைவாகக் கரைந்து, மீளாத தொலைவிற்குச் சென்றுவிடும்.

முடிவின்மைக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. வெளியே செல்லச்செல்ல எடைகள் அளவுமீறிப் பெருகினால், வெப்பம் வரையறுத்த நேரத்திற்குள்ளேயே முடிவிலியை எட்டி மறையலாம். வைத்தது ஓரலகு, எஞ்சுவதோ அதனினும் குறைவு. தகுந்த நிபந்தனைகளோடு வளைவுக்குக் கீழெல்லை இருந்தால் இவ்விழப்பு நேராது என்பதைப் போபோ ஹுவாவும் யோங் லின்னும் 2017இல் நிறுவினர். அண்மையில் காக்கப்படும் ஒழுங்கு, காணாத் தொலைவில் நேரும் இழப்பையும் தடுக்கிறது.

மலேசியப் பள்ளிகளில் 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2012 முதல் அக்கொள்கை விலக்கப்படலாயிற்று. எனினும், உயர்கணிதத்தைத் தமிழ் தாங்குமோ என்னும் ஐயம் பலர் உள்ளத்தில் எஞ்சியே நிற்கிறது. நிரை, அயல், எடை, பாய்வு, வளைவு என்னும் சொற்கள் தோட்டத்தார் அறியாதவை அல்ல. மேலே கூறிய வரலாறு முழுவதையும் அச்சொற்களே தாங்கின. சொற்பஞ்சத்தால் அல்ல, சொல்வார் இன்மையாலேயே அவ்வையம் நிலைபெறுகிறது. பொன்னேரிப் பள்ளியாசிரியரின் இல்லத்திலிருந்து ஏபெல் பரிசுவரை ஒரு பாதை இருந்தது. நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளியின் மாணவனுக்கும், சாளரத்திற்கு வெளியே நிற்கும் மரங்களைக் காட்டி இப்பாதையின் முதலடியைத் தமிழிலேயே எடுத்துவைக்கச் செய்யலாம். அது தமிழாசிரியர் கையில் உள்ளது.