பெய்லியும் புள்ளலூரும் கொஞ்சம் சுண்ணாம்பும்

கொள்ளேகாலுக்கு மாற்றல் வந்தபோது வீட்டில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "அது எங்கே இருக்கு?" 1956 நவம்பர் 1 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தான் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. காஞ்சிபுரத்துக்காரனான எனக்கு ஊர் அவ்வளவாக அந்நியமாகவும் இல்லை. அங்கேயும் பட்டு, இங்கேயும் பட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். ஹைதர் அலியும் திப்புவும் அடங்கியிருக்கும் கும்பஸைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு நினைவிடத்துக்கும் போனேன். கர்னல் வில்லியம் பெய்லியினுடையது. பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அட, இவர் எங்கள் பக்கத்தில் தோற்றவர் ஆயிற்றே!

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் புள்ளலூர். ஆங்கிலேயர் புத்தகங்களில் பொல்லிலூர். 1780 செப்டம்பர் 10 அன்று அங்கேதான் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். பிடிபட்ட பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அவருடைய உறவினர் ஜான் பெய்லி 1816ல் எழுப்பியதுதான் இந்த நினைவிடம். அதே ஊரில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் ஓவியம் இருக்கிறது. பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருப்பார்.

1781 ஆகஸ்டில் அதே புள்ளலூரில் மறுபடியும் போர். இந்த முறை ஆங்கிலேயர் பக்கம் ஐர் கூட். அதில் இறந்த இரண்டு அதிகாரிகளுக்கு எழுப்பிய ஊசித் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. சின்ன வயதில் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறேன், என்ன ஏது என்று தெரியாமல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1781, 1816 இரண்டுமே போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு முந்தியவை. அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1824ல்தான். அதாவது இவற்றையெல்லாம் இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புக் காரை.

நான் படித்தது பி.காம். ஆனாலும் இந்தச் சுண்ணாம்பு ரசாயனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறும். மிஞ்சுவதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துக் கல் இடுக்கில் வைத்தால், காற்றிலிருந்து அதே கரியமிலவாயுவை வாங்கி மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிவிடும். சூளையில் விட்டதைக் காற்றிடமிருந்து தவணையில் வசூல் செய்துகொள்கிறது! (வங்கிக்காரன் புத்தி.) நம் பக்கத்துக் கொத்தனார்கள் இதில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள்.

இப்படிப்பட்ட கட்டடத்தில் விரிசல் கண்டால் நாம் செய்வது என்ன? ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கிப் பூசிவிடுகிறோம். எங்கள் பூர்வீக வீட்டில் நானே செய்த தப்பு இது. மூன்றே மழைக்காலத்தில் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போனது. காரணம் எளிது. சுண்ணாம்பு மூச்சு விடும், உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் கல் வழியாகவும் செங்கல் வழியாகவும் வெளியேறும்போது, கூட வரும் உப்பு அவற்றை அரிக்கிறது. தேய வேண்டியது காரைதான், கல் இல்லை. காரையைத் திரும்ப வைக்கலாம், கல்லை எப்படித் திரும்ப வைப்பது?

சரியான முறைக்குப் பொறுமை வேண்டும். முளைத்த ஆல், அரசு வேர்களை எடுக்க வேண்டும். உதிர்ந்த காரையைக் கையுளியால் சுரண்டிவிட்டு, இடுக்கை நனைத்து, புதுக் காரையை அழுத்தித் திணிக்க வேண்டும். வெயில் படாமல் ஈரச் சாக்குப் போட்டு நாள் கணக்கில் காக்க வேண்டும். நான் பார்த்த வீட்டுக் கடன் எஸ்டிமேட்களில் சுண்ணாம்பு வருவது வெள்ளையடிக்கும் வரியில் மட்டும்தான். இந்த வேலை தெரிந்த கொத்தனார்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

"வெள்ளைக்காரன் சமாதிக்கு நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக் கரையோரம் ஒரு படைவீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 300 கல்லறைகள். 1799 முற்றுகையில் ஆங்கிலேயருக்காகப் போரிட்ட டி மெரான் என்ற சுவிஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். பாழாய்க் கிடந்த அதை 2000களில் சீரமைக்க முன்வந்தவர்கள் அந்த டி மெரான் குடும்பத்து வழித்தோன்றல்கள். இருநூறு வருஷம் கழித்தும் தேடி வந்தார்கள்.

புள்ளலூரில் பெய்லியோடு இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அதில் பெரும்பாலோர் நம் ஊர்ச் சிப்பாய்கள். ஹைதர் பக்கம் செத்தவர்களும் நம் ஆட்களே. அவர்கள் பேர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களைத் தேடி எந்தப் பேரன் வருவான்? நடுகல் நட்டுக் கும்பிட்ட நாம் அவர்களுக்கு ஒரு கல்லும் நடவில்லை. அவர்கள் செத்த இடத்துக்கு அடையாளமாக மிச்சம் இருப்பது அதிகாரிகளின் இந்தத் தூண்கள்தான். இவையும் போய்விட்டால் புள்ளலூர் வெறும் வயல்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்றார். பொங்கலுக்குப் போகிறோம்.