பல்லக்குக்குப் பின்னால் ஏழு ஊர்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பேருந்து சுமார் 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுகிறது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. சித்திரையில் போனால் இந்தப் பாலங்களுக்கு அடியில் பெரும்பாலும் மணல்தான் கிடக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லாத இந்த மாதத்தில்தான் திருவையாற்றுச் சுவாமி ஆறு கடந்து ஊர் சுற்றப் புறப்படுகிறார்.

சித்திரைப் பெருவிழாவின் முடிவில், விசாகத்தன்று நடப்பது ஏழூர்ப் பல்லக்கு. கோயில் அழைப்பிதழில் சப்தஸ்தானம் என்று அச்சிடுவார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஏழூர்தான். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்னும் திருநெய்த்தானம். ஏழும் தேவாரம் பாடப்பெற்ற தலங்கள், அதாவது ஏழாம் நூற்றாண்டிலேயே அடியார்கள் நடந்து திரிந்த ஊர்கள்.

கதை ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது. பங்குனிப் புனர்பூசத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்தி கல்யாணம்’ என்று வீட்டில் வரன் தேடுகிறவர்கள் இன்றும் அங்கே போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் திருவையாறு. பந்திக்குச் சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்து வந்தது, பழம் திருப்பழனத்திலிருந்து, பூ திருப்பூந்துருத்தியிலிருந்து, நெய் நெய்த்தானத்திலிருந்து. நகை கண்டியூர்க்காரர்கள் பொறுப்பு; மந்திரம் ஓத வேதிகுடியிலிருந்து ஆள் வந்தது. கல்யாணத்துக்குக் கைகொடுத்தவர்களை அடுத்த மாதம் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டாமா? ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கிலும், புதுமணத் தம்பதி வெட்டிவேர்ப் பல்லக்கிலும் கிளம்புகிறார்கள்.

புராணம் நந்தியைச் சொன்னாலும், நாள் பார்த்ததில் குடியானவனுக்கும் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது. சம்பா அறுப்பு தை, மாசியோடு முடிந்துவிடும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக, நிற்கும் பயிருக்குள்ளேயே ஈரச் சேற்றில் உளுந்தையும் பச்சைப் பயறையும் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். உழவில்லை, பாய்ச்சலில்லை, மிச்ச ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். அந்தச் செடியையும் பிடுங்கிக் களத்தில் போட்டு அடித்தபின் அடுத்த தண்ணீர் வரும்வரை வயலில் பெரிதாக வேலை இல்லை. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை, தண்ணீர் வருவதற்கு ஜூன் 12 என்று ஒரு தேதி வைத்தது. அதற்கு முன்னும் குடகில் மழை பிடித்தால்தான் இங்கே புதுப்புனல். ஆக, களஞ்சியத்தில் நெல்லும் கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் சேர்ந்திருக்கும் நாட்கள் இவை. தோளில் பல்லக்கைத் தாங்கி ஆறு கடக்கவும் இதைவிட்டால் வேறு காலம் கிடையாது.

பல்லக்கு சுமக்கிறவர்களைச் சீர்பாதம் தாங்கிகள் என்பார்கள். தார்ச்சாலையில் அவர்கள் நடை ஒரே சீராக ஓடும். காவிரிப் படுகையில் இறங்கியதும் அது மாறிவிடுகிறது. கொதிக்கும் மணலில் கால் கணுக்கால்வரை புதைகிறது. முன்தண்டு தாழ்ந்தால் பின்னால் இருப்பவர்கள் தோளை இறக்கிச் சமன் செய்கிறார்கள். தோளில் மடித்துப் போட்ட துண்டு வியர்வையில் நனைந்து முறுக்கிக்கொள்கிறது. கூடவே வரும் கூட்டத்துக்கு வழி நெடுக நீர்மோர், பானகம், விசிறி.

ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்ச் சுவாமி தம் பல்லக்கில் வந்து எதிர்கொள்கிறார். பிறகு அவரும் சேர்ந்துகொள்கிறார். ஊருக்கு ஒன்றாகப் பல்லக்கு கூடிக்கொண்டே போகும்.

பல்லக்கு என்பது இந்த மண்ணில் வெறும் வாகனம் அல்ல, மரியாதை. தில்லைஸ்தானத்துக் கோயில் கல்வெட்டு ஒன்றே அதற்குச் சாட்சி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழன் முதலாம் ஆதித்தனும் சேர அரசன் தாணு ரவியும் சேர்ந்து விக்கி அண்ணன் என்பவனுக்குச் சிறப்புச் செய்தார்கள். செம்பியன் தமிழவேள் என்ற பட்டம், தவிசு, சாமரை, யானைகள் ஆகியவற்றோடு சிவிகையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவன் மனைவி கடம்பமாதேவி கோயிலுக்குக் கொடுத்த கொடையைப் பதியும்போதுதான் இத்தனையும் கல்லில் ஏறியது. இரண்டு அரசர்கள் சேர்ந்து தர வேண்டியிருந்த பொருள் அது.

அதே வட்டாரத்தில், திருப்பூந்துருத்தியில், பல்லக்கைப் பற்றி நேர்மாறான கதை ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணம் சொல்வது. திருநாவுக்கரசர் அங்கே மடம் அமைத்துத் தங்கியிருக்கிறார். முத்துச் சிவிகையில் ஞானசம்பந்தர் வருகிறார். ஊர் எல்லையில் ‘அப்பர் எங்கே’ என்று கேட்கிறார். சிவிகைக்குக் கீழேயிருந்து பதில் வருகிறது. வயதில் மூத்த நாவுக்கரசர், யாருக்கும் தெரியாமல் கூட்டத்தில் புகுந்து, தோள் கொடுத்துச் சுமந்துகொண்டிருந்தார். சம்பந்தர் பதறி இறங்குகிறார். உள்ளே உட்காருவதைவிடச் சுமப்பது பெரிது என்று நினைக்கும் சீர்பாதம் தாங்கிகளுக்கு இந்த ஊரில் துணைக்கு நாவுக்கரசரே இருக்கிறார்.

பூந்துருத்தியிலிருந்து குடமுருட்டியையும் காவிரியையும் மறுபடி கடந்தால் தில்லைஸ்தானம். அங்கிருந்து ஏழு பல்லக்குகளும் திருவையாற்றுக்குத் திரும்புகின்றன. முடிவில் பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடும். அந்த ஒரு நிமிடத்துக்காகக் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்கும் அப்பாக்கள் ஏராளம்.

இந்த ஊர்வலம் திருவையாற்றுக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்தில் சக்கரமங்கை, புள்ளமங்கை முதலான ஏழு மங்கைத் தலங்களுக்கும் பல்லக்கு விழா உண்டு, கும்பகோணத்திலும் உண்டு. ஆனால் சுற்றிலும் நிலம் மாறிக்கொண்டிருக்கிறது. பம்பு செட் வந்தபின் சித்திரையிலும் சில வயல்கள் பச்சையாக நிற்கின்றன. வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் இருந்த படுகைகளில் மனைக்கற்கள் முளைக்கின்றன. 2022இல் திருவையாற்றுப் புறவழிச்சாலைக்காகக் கண்டியூர்ப் பக்கம் நின்ற பயிரின்மேல் இயந்திரம் இறங்கியபோது விவசாயிகள் வயலில் இறங்கித் தடுத்தார்கள். நின்ற பயிரை அறுக்கவிடாமல் மண்ணடித்தது தவறுதான்.

கூட நடக்க நினைப்பவர்கள் விசாகத்தன்று விடியற்காலைக்குள் திருவையாறு வந்துவிட வேண்டும். முழுச் சுற்றும் முடியாதவர்கள் கண்டியூரில் காத்திருந்து, பூந்துருத்திவரையாவது பல்லக்கோடு நடக்கலாம்.