பிள்ளை உயிரோடு இருக்கா? – ஒரு குறிப்பேட்டின் 300 வருஷக் கதை

பிரான்ஸில் வேலைக்குப் போகும் பெற்றோர் பலர் கைக்குழந்தையை விட்டுச் செல்வது கிரெஷ்களில் இல்லை. அக்கம்பக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டில். அந்தப் பெண்ணுக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'அசிஸ்டான்த் மாதெர்நெல்'. வீட்டில் எல்லாரும் கூப்பிடுவது 'நூனு'. சாயங்காலம் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது பையில் ஒரு நோட்டும் வரும். அதை 'காஹியே த லியேஸோன்', அதாவது தொடர்புக் குறிப்பேடு என்பார்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை தடவை டயப்பர் மாற்றினாங்க, புதுசா என்ன செஞ்சான் – இவ்வளவுதான் விஷயம். இப்போது பல வீடுகளில் இதற்கு மொபைல் ஆப்பும் வந்துவிட்டது.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். எந்தப் பதிவைப் பார்த்தாலும் இதை யார் எழுதினாங்க, யார் படிக்க எழுதினாங்கன்னு கேட்பது தொழில் பழக்கம். இந்த நோட்டுக்கும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்தத் தேடல் 1715-ல், பாரிஸ் போலீஸ் அலுவலகத்தில் போய் நின்றது!

வண்டியில் போன குழந்தைகள்

18ஆம் நூற்றாண்டு பாரிஸில், பிறந்த சில நாட்களிலேயே குழந்தையைக் கிராமத்துக்கு அனுப்பிவிடுவது சாதாரண வழக்கம். பணக்காரர்கள் மட்டும்தான் இப்படிச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கடைக்காரர், தச்சர், துணி தைப்பவர் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருந்தவர்களே அதிகம். நார்மண்டி, பிக்கார்டி, பர்கண்டி பக்கத்துக் கிராமப் பெண்கள் கூலிக்குப் பாலூட்டி வளர்ப்பார்கள். இந்தச் செவிலித்தாய்க்குப் பிரெஞ்சில் 'நூரிஸ்' என்று பெயர். இன்றைய 'நூனு' அதன் செல்லச் சுருக்கம்தான்.

பாரிஸ் போலீஸ் தலைவராக இருந்த லெனுவார், 1780-ல் ஹங்கேரி ராணி மரியா தெரேசாவுக்காகத் தயாரான ஒரு அறிக்கையில் ஒரு கணக்குச் சொல்கிறார். வருஷத்துக்குச் சுமார் 21,000 குழந்தைகள் பிறக்கின்றன. அதில் பெற்ற தாயிடமே பால் குடித்து வளர்வது ஆயிரத்துக்கும் குறைவு. இந்த எண் எவ்வளவு துல்லியம் என்பதில் விவாதம் உண்டு. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அது சின்ன எண் இல்லையே.

குழந்தையைச் சேர்த்துவிட ஒரு ஆள் வேண்டும். அவர்தான் 'மெனர்'. கூட்டிப்போகிறவர் என்று பொருள். நம்ம ஊர் கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பெண்களை வண்டியில் ஏற்றி பாரிஸுக்கு அழைத்து வருவார். ஆளுக்கொரு குழந்தையோடு திரும்பக் கூட்டிப்போவார். பிறகு பெற்றோர் தரும் மாதக் கூலியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார், அதில் கமிஷன் உண்டு. பிள்ளை எப்படி இருக்கிறது என்ற செய்தியும் அவர் வாய் வழியாகத்தான் திரும்பி வரும்.

இந்த ஏற்பாட்டை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்க. நூரிஸுக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. நடுவில் நாட்கணக்கில் வண்டிப் பயணம். செய்தி கொண்டுவருபவர் கூலி கொண்டுபோகும் அதே மனிதர். குழந்தை இறந்துவிட்டால் கூலி நின்றுவிடும், அவருடைய கமிஷனும் நின்றுவிடும். அப்படியானால் கெட்ட செய்தியைச் சொல்வதால் யாருக்கு லாபம்? யாருக்கும் இல்லை.

பாதிரியார் கையெழுத்து

அதனால்தான் போலீஸ் உள்ளே வந்தது. 1715 ஜனவரி 29-ல் வந்த அரச ஆணை, நூரிஸ் தரகு அலுவலகங்களைப் பாரிஸ் போலீஸ் தலைவரின் கண்காணிப்பில் கொண்டுவந்தது. யார் குழந்தை, யார் கொண்டுபோகிறார், எந்த ஊருக்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நூரிஸ் தன் ஊர்ப் பாதிரியாரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும்.

ஏன் பாதிரியார்? கிராமத்தில் எழுதத் தெரிந்தவர் அவர். ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் அவர் கையில். எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், அந்தக் கூலியில் அவருக்குப் பங்கு இல்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று அவர் எழுதினால் நம்பலாம்.

எங்கள் தொழிலில் இதற்கு 'ஹார்ட்பீட்' என்று பெயர். தூரத்தில் இருக்கும் சர்வர் குறிப்பிட்ட இடைவெளியில் 'இருக்கேன்' என்று ஒரு சிக்னல் அனுப்பும். அதற்கு மேல் எதுவும் சொல்லாது. 18ஆம் நூற்றாண்டுப் பெற்றோருக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதுதான். பிள்ளை சிரித்ததா, எப்போது பல் முளைத்தது, ராத்திரி அழுகிறதா – இதெல்லாம் கேள்வியே இல்லை. உயிரோடு இருக்கா, கூலி போய்ச் சேர்ந்ததா, அவ்வளவுதான்.

1769-ல் பழைய தரகு அலுவலகங்களை மூடிவிட்டு, ஒரே பொது அலுவலகத்தை உருவாக்கினார்கள். இது நூரிஸுக்குக் கூலியைத் தானே கொடுத்துவிட்டு, பெற்றோரிடம் வசூலித்துக்கொள்ளும். கூலி கொடுத்ததற்கும் பாதிரியார் மெனரின் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நூரிஸுக்கு இது நல்லது. ஆனால் கட்ட முடியாத அப்பாக்கள் சிறைக்குப் போனார்கள். இந்தக் கடனில் உள்ளே கிடந்தவர்களை மீட்பது அன்றைய தர்ம காரியங்களில் ஒன்று. 1778-ல் முதல் குழந்தையைக் கருவுற்றிருந்தபோது மரீ அந்துவானெத்தும் அதற்குப் பணம் கொடுத்திருக்கிறார்.

இவ்வளவு காகிதம் இருந்தும் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1738-ல் பாரிஸில் பிறந்த மெனெத்ரா என்ற கண்ணாடித் தொழிலாளி தன் வாழ்க்கைக் கதையை எழுதிவைத்தார். சாமானியர் ஒருவர் அந்தக் காலத்தில் எழுதியது அபூர்வம். வரலாற்றாசிரியர் தனியேல் ரோஷ் அதை 1982-ல் பதிப்பித்தார். மெனெத்ராவை வளர்த்த நூரிஸ் அவருக்குப் பிச்சை எடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டாள். குடும்பத்தினர் பார்க்க வந்தபோது பையன் கோயிலில் கையேந்திக்கொண்டு நிற்கிறான். பிறகு பாட்டி அவரை வளர்க்கிறார்.

'பையன் உயிரோடு இருக்கான்' என்று யாராவது எழுதியிருந்தால் அது நூறு சதவீதம் உண்மையாகத்தான் இருந்திருக்கும்! கேட்ட கேள்விக்குப் பதில் சரி. கேள்விதான் போதாது. உண்மை வெளியே வந்தது, யாரோ கிளம்பி நேரில் போனதால்.

டாக்டரின் நோட்டு

அடுத்த பெரிய மாற்றத்துக்குப் பிறகும் நூறு வருஷம் ஆனது. ரயில் வந்தது, வண்டிப் பயணம் குறைந்தது, ஆனால் குழந்தைகளை அனுப்புவது நிற்கவில்லை. 1860-களில் புரோஷார், மோனோ போன்ற டாக்டர்கள் தாங்கள் வேலை பார்த்த கிராமங்களில் பாரிஸ் குழந்தைகள் எப்படிச் சாகின்றன என்று எழுத ஆரம்பித்தார்கள். அது நாடாளுமன்றம் வரை போனது. டாக்டரும் அரசியல்வாதியுமான தெயோஃபில் ருஸெல் கொண்டுவந்த சட்டம் 1874 டிசம்பர் 23-ல் நிறைவேறியது.

இரண்டு வயதுக்குள் இருக்கும் எந்தக் குழந்தையையும் கூலிக்கு வெளியே வளர்க்கக் கொடுத்தால், அது அரசின் கண்காணிப்புக்குள் வரும் என்றது ருஸெல் சட்டம். நூரிஸ் குழந்தை வந்த மூன்று நாளைக்குள் ஊர் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். இறந்தால் 24 மணி நேரத்துக்குள். அவள் கையில் ஒரு சிறு நோட்டு இருக்கும், 'கார்னே'. 1877-ல் வந்த விதிகளின்படி டாக்டர் மாதம் ஒருமுறையாவது நேரில் வந்து குழந்தையைப் பார்த்து, அந்தக் கார்னேயில் கையெழுத்திட வேண்டும்.

இன்றைய நோட்டுக்கு நேரடித் தாத்தா இந்தக் கார்னேதான் என்பது என் முடிவு. முதல்முறையாகக் குழந்தையைப் பற்றிய ஏடு, குழந்தை இருக்கும் வீட்டிலேயே இருக்கிறது. எழுதுபவர் பாதிரியார் இல்லை, டாக்டர். கேள்வியும் மாறிவிட்டது: உயிரோடு இருக்கா என்பதில்லை, ஆரோக்கியமா இருக்கா என்பது. ஆனால் கவனிங்க, பெற்றோருக்காக இதை யாரும் எழுதவில்லை. படிப்பவர் அடுத்த அதிகாரி. வளர்க்கும் பெண்ணும் இதில் எழுதுபவள் இல்லை, சோதிக்கப்படுபவள்.

நூனுவே பேனாவை எடுத்தபோது

பிறகு பல விஷயங்கள் சேர்ந்துகொண்டன. 1880-களில் கட்டாயக் கல்வி வந்து கிராமத்துப் பெண்களும் எழுதப் படிக்கக் கற்றார்கள். புட்டிப்பால் பாதுகாப்பானதும் நூரிஸ் தொழில் மெல்ல மறைந்தது. பால் கொடுக்க வேண்டியதில்லை என்றால் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பவும் வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவே போதும். காலையில் விட்டு, சாயங்காலம் கூட்டிவரலாம். 1945-ல் தாய்-சேய் நலத்துறை உருவாகி மேற்பார்வையை எடுத்துக்கொண்டது. 1977 மே 17 சட்டம் இந்தப் பெண்களுக்கு 'அசிஸ்டான்த் மாதெர்நெல்' என்ற பெயரையும் தொழில் அந்தஸ்தையும் கொடுத்தது. பிறகு கட்டாயப் பயிற்சி வந்தது. 1992-ல் 60 மணி நேரம், பின்னாளில் 120.

இந்தக் காலத்தில்தான் பேனா அவர்கள் கைக்கு வருகிறது. கேள்வி மூன்றாவது முறை மாறுகிறது: இன்னிக்குப் பொழுது எப்படிப் போச்சு?

இதில் ஒரு வேடிக்கை. பிள்ளை மாதக்கணக்கில் கண்ணில் படாத காலத்தில் பெற்றோருக்குக் கிடைத்தது ஒரு வரி. தினமும் சாயங்காலம் மடியில் வந்து உட்காரும் காலத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கிடைக்கிறது.

இன்னொரு மாற்றம் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டில் கூலியும் செய்தியும் ஒரே ஆளின் பையில் வந்தன. இன்று தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. வேலை நேரமும் சம்பளமும் 'பாஜாம்ப்ளுவா' என்ற அரசு சேவையில் பெற்றோர் பதிய வேண்டியவை. மருந்து கொடுத்தால், 2021 ஆகஸ்ட் ஆணைப்படி, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று அதற்கென உள்ள பதிவேட்டில் உடனே எழுத வேண்டும். ஒப்பந்தப்படி மாதச் சம்பளம் நிலையாக இருக்கும். பிள்ளை ஒருநாள் சாப்பிடவில்லை என்று எழுதியதால் அது குறையாது. மிச்சம் இருக்கும் அந்த நோட்டில் கணக்கு இல்லை, சான்றிதழ் இல்லை. பிள்ளையின் நாள் மட்டும்தான்.

ஆனாலும் சிக்கல் முழுசாகத் தீரவில்லை. சட்டப்படி பெற்றோர்தான் நூனுவின் முதலாளி. முதலாளி படிக்கப்போகும் நோட்டில் 'இன்னிக்குச் சரியில்ல' என்று எழுத யாருக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கும்தானே.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மகள் சின்னவளாக இருந்தபோது எங்கள் குடியிருப்பிலேயே ஒரு அக்கா வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போவோம். தினமும் மத்தியானம் அவங்க வாட்ஸ்அப்பில் அனுப்புவது 'நல்லா சாப்பிட்டா, தூங்கிட்டா'. மாசக்கணக்கில் அதே வரி. ஹார்ட்பீட் மாதிரி அதைப் பார்த்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவேன். ஒருநாள் 12:40க்கு வந்த மெசேஜ் வேற மாதிரி: 'சோபாலேர்ந்து விழுந்துட்டா. நெத்தியில லேசா வீக்கம். ஐஸ் வெச்சிருக்கேன். இப்ப விளையாடுறா. நான் கிச்சன்ல இருந்தேன்.' அந்தக் கடைசி வாக்கியத்தை அவங்க எழுதியிருக்கவே வேண்டாம். எழுதினாங்க. அதற்கு முன்னால் வந்த அத்தனை 'நல்லா சாப்பிட்டா'வையும் அன்றைக்குத்தான் நான் முழுசாக நம்பினேன்.

ஆப் வந்த பிறகு புகைப்படம், வீடியோ, நேர முத்திரை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. கேமரா வைத்துவிட்டால் நோட்டே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது 1715-க்குத் திரும்புவது போலத் தெரிகிறது. வளர்ப்பவரை எழுத விடாமல், அவர்மேல் ஒரு சாட்சியை நிறுத்துவது. சாட்சி தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது, பாதிரியாரும் டாக்டரும் உயிர்களைக் காப்பாற்றியும் இருப்பார்கள். ஆனால் பிள்ளை ஏன் இன்றைக்குச் சோறு தொடவில்லை என்பது அவர்கள் கையெழுத்தில் ஒருநாளும் வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

பிரெஞ்சு நோட்டில் எனக்குப் பிடித்த இன்னொரு வழக்கம், காலையில் பெற்றோரும் எழுதுவது. ராத்திரி எப்படித் தூங்கினாள், எப்போது கடைசியாகப் பால் குடித்தாள், வீட்டில் ஏதாவது கலவரமா என்று. மெனரின் வண்டியில் பாரிஸிலிருந்து கிராமத்துக்குப் போனது பணம். இன்று அந்தத் திசையிலும் செய்தி போகிறது. 'நேத்து ராத்திரி நாங்க சண்டை போட்டோம், அவ பயந்துட்டா' என்று பெற்றோர் காலையில் எழுதும் வீட்டில், 'நான் கிச்சன்ல இருந்தேன்' என்று சாயங்காலம் எழுத அந்தப் பெண்ணுக்கும் தைரியம் வரும்.