கேட்கப்படாத கேள்வி

தருமபுரி மண்ணின் அரசுரிமை 1792ஆம் ஆண்டு கைமாறியது. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அது தீரும்வரை மைந்தர் இருவர் பிணை. அந்தக் கணக்கில் ஓர் இனமாகவே பாராமகாலும் கும்பினியார் கைக்குச் சென்றது. தருமபுரி, பென்னாகரம், கிருஷ்ணகிரிக் குடிகளை எவரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்கும் வழக்கமே அன்று உலகில் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1791இல், போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்த அவிஞ்ஞோன் மக்களிடம், பிரான்சுடன் இணைய விருப்பமா என்று வாக்குக் கேட்கப்பட்டது. பிற்காலத்துப் பொதுவாக்கெடுப்புகளுக்கெல்லாம் அதனை ஒரு தொடக்கம் எனலாம்.

நிற்க. பாராமகாலை ஆள வந்த கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட், தமக்குத் துணையாக அழைத்து வந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்த அந்த மன்றோ, அன்று தருமபுரியில் தங்கி ஊர் ஊராக நிலம் அளந்தவர். இடைத்தரகரை விலக்கி உழவனோடு நேரே கணக்குப் பேசும் இரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. 1796இல் ரீட் வெளியிட்ட அறிவிப்பின்படி, உழவர் ஆண்டுதோறும் தம் நிலத்தை வைத்துக்கொள்ளவோ விட்டுவிடவோ உரிமை பெற்றனர். தீர்வை கடுமையானதே, வந்தவர்களும் இலாபம் நாடிய வணிகக் கும்பினியாரே. எனினும், "உன்னை யார் ஆள வேண்டும்?" என்று கேட்காத அரசு, "இந்த நிலம் உனக்கு வேண்டுமா?" என்றாவது கேட்டது. குடிகளின் நம்பிக்கை என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு கேள்விகளிலிருந்தே முளைக்கிறது என்பது எங்கள் துணிபு.

பெரிய கேள்வி தமிழ் மண்ணில் கேட்கப்பட்டது 162 ஆண்டுகள் கழித்து, புதுச்சேரியில். மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்கலாகாது என்று பிரான்சின் 1946ஆம் ஆண்டு அரசியல் சட்டம் விதித்திருந்தது. ஆகவே 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர், 8 பேர் மறுத்தனர். அவர்கள் அனைவரும் பிரதிநிதிகள். மீனவரோ நெசவாளரோ ஆலைத் தொழிலாளரோ நேரே வாக்களிக்கவில்லை. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்றனர். அப்போது கேள்வி வீட்டு வாசலுக்கு வந்தது. ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு, கடல் கடந்த வேலை எல்லாம் அந்த ஒரு தாளில் அடங்கியிருந்தன. கொடியைப் பற்றிய கேள்விக்குள் பிழைப்பைப் பற்றிய கேள்வி ஒளிந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

ஈழத்து வரலாறு இதன் மறுபக்கம். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் தமிழ் அரசு ஊழியரின் பதவியைத் தொட்டது. 1970களின் தொடக்கத்தில் வந்த 'தரப்படுத்தல்', தமிழ் மாணவரின் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கியது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனி அரசுத் தீர்மானம் பிறந்தது. 1977 தேர்தலில் அதற்கே ஆணை கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. 1982 டிசம்பரில் இலங்கையில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடக்கவே செய்தது. ஆனால் அதன் கேள்வி, இருக்கும் நாடாளுமன்றத்தை மேலும் ஆறாண்டு நீட்டிக்கலாமா என்பது. யாழ்ப்பாணம் மறுத்தது; நாடு முழுவதுமாக எண்ணியபோது நீட்டிப்பே வென்றது. அடுத்த ஆண்டின் ஆறாம் திருத்தம், தனிநாடு கோருவதையே சட்டவிரோதம் ஆக்கியது. கேட்கத் தகாத கேள்வி என்று ஒன்றை அரசு அறிவித்துவிட்டால், விடை வேறு வழிகளைத் தேடும். அவ்வழிகளில் சிந்திய குருதியை நாம் அறிவோம்.

ஆக, பொதுவாக்கெடுப்பு நம்பிக்கையைப் படைப்பதில்லை; இருக்கும் நம்பிக்கையை அளந்து காட்டுகிறது. 2014இல் ஸ்காட்லாந்தில் 55க்கு 45 என்ற அளவில் பிரிவினை தோற்றபோது, தோற்றவர்களும் எண்ணிக்கையை ஐயுறாமல் ஏற்றனர். கேட்டவர் மீது நம்பிக்கை இருந்தமையே அதற்குக் காரணம்.

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இரண்டும் அரசாணையால் நடந்தவை. நிர்வாக வசதிக்கு அது நல்லதே எனலாம். ஆயினும் சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஓசூர் எல்லைக்கு அப்பால் போயிற்று. 2013இல் தருமபுரிக்கு அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது. பட்டம் உள்ளூரிலேயே கிடைக்கிறது. வேலையைத் தேடியோ, பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறுகின்றனர்.

இங்கே எவரும் தனிநாடு கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. எனினும் ரீட் கேட்ட அளவிலேனும் ஒரு சிறு கேள்வியை, "உனக்கு இங்கே என்ன வேண்டும்?" என்பதை, அந்தப் பிள்ளைகளிடம் யாரேனும் கேட்டல் வேண்டும். சிறு கேள்விகளைக் காலத்தில் கேட்கும் அரசுக்குப் பெரிய கேள்வியைக் கண்டு அஞ்ச வேண்டிய நிலை வாராது.